கிளறி நின்ற இரவு

ஒருபடி என்றொரு சரக்கு.
மீன் வாடை, கையுறையையும் மீறி
விரலில் ஏறி வீடுவரை வரும்.
ஒருபடியோடு ஒருபடி கோத்தால் பலபடி.
கோக்கும்போது முடிச்சுக்கு ஒரு துளி நீர் கக்கும்.
அந்த நீரை இழுத்து வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும்;
விட்டுவைத்தால் அதே நீர்
முடிச்சை அவிழ்க்கத் திரும்பி வரும்.

வரும் வெள்ளிக்குள் முடிவு வேண்டும் என்றார் ஸ்வென்-ஓலோஃப்.
போர்வோவுக்குத் தெற்கே, கடலோர ஆலையில்,
குழாய்க் காட்டுக்குப் பின்னால் எங்கள் கூடம்.
கடுங்குளிரிலும் விரிசல் விடாத கம்பியுறை
துறைமுகத்துக்காரர்கள் கேட்டது.
இருநூற்றுப் பதின்மூன்று தடவை செய்தாயிற்று.
எண்பத்தேழு மஞ்சளித்தது.
நூற்று நாற்பது பாகாய் ஓடியது, நின்று பிடிக்கவில்லை.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பார்க்க லட்சணம்தான்,
உறைபெட்டியிலிருந்து எடுத்துத் தட்டியதும்
சில்லுச் சில்லாய்ப் போனது.
"பலபடியாகச் சொல்லிப் பார்த்துவிட்டோம்,
கேட்பதாயில்லை" என்றாள் இர்மெலி.

இர்மெலி எழுதி ஒட்டிய விதி:
முறுக்குமானி முப்பத்தெட்டைத் தொட்டதும்
வெற்றிடத்தை நிறுத்து. நைட்ரஜனைத் திற.
அடிவழியாக இறக்கு.
கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.
அன்று ரௌனோவுக்கு இரவு.

இரவு பெய்த பனியில் சரக்குவாசல் மூடிக்கொண்டது.
நான்கு மணிக்கு நைட்ரஜன் லாரி.
ரௌனோ மானியைப் பார்த்தான்: இருபத்தொன்பது.
நேரம் இருக்கிறதென்று பனிவாரியை எடுத்தான்.

திரும்பி வர ஐம்பத்தொரு நிமிடம்.
கிளறி நின்றிருந்தது.
மோட்டார் மட்டும் பல்லைக் கடித்து முனகியது.
பார்வைக் கண்ணாடிக்குள்
தேன் நிறத்தில் ஒரு கட்டி,
கிளறியின் நான்கு இறக்கைகளையும் விழுங்கி
அசையாமல்.

காலையில் அவன் மன்னிப்புக் கேட்கவில்லை.
கேட்கத் தெரிந்தவனும் அல்ல.
உளி கேட்டான்.
மூன்று நாள் உலைக்குள் தலைவிட்டுச் செதுக்கினான்.
செதுக்கிய துண்டொன்றை
யாரோ வெளிச் சன்னல் விளிம்பில் வைத்து மறந்துபோக,
அது இருபத்தாறு பாகைக் குளிரில் இரவெல்லாம் கிடந்தது.
மறுநாள் இர்மெலி அதன்மேல் சுத்தியலைப் போட்டாள்.
சுத்தியல் எகிறி அவள் கைக்கடிகாரத்தை உடைத்தது.
உடைந்த கண்ணாடியைத் துடைக்காமல்
மறுபடி போட்டாள்.
மறுபடி எகிறியது.

உலையைவிட்டு இறங்காத பொருள்
பொருளே அல்ல என்பது எங்கள் தொழிலின் நியாயம்.
அதை இறக்க இரண்டரை வருடம்.
நடுவில் என் தலைமுடி கொஞ்சம் போனது,
இர்மெலியின் கல்யாணம் போனது.

காப்புரிமை வரைவு ஹெல்சிங்கியிலிருந்து வந்தது:
"வியப்புக்குரிய வகையில்,
வெற்றிடக் காலம் நீட்டப்பட்டபோது
குளிர்தாங்கும் தன்மை கூடுவது கண்டறியப்பட்டது."
நீட்டப்பட்டது. கண்டறியப்பட்டது. மெய்ப்பிக்கப்பட்டது.
இத்தனை பட்டதில்
பட்டவன் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.
பனிவாரி என்ற சொல்லும் இல்லை.
அடியில் மூன்று பெயர்கள்.
மூன்றாவது என்னுடையது.
கையெழுத்திட்ட பேனா நன்றாகவே எழுதியது.

பிறகு கணக்குப் பிரிவு கிலோவுக்கு விலை போட்டது.
பலபடி கிடைத்தது,
கட்டுப்படி ஆகவில்லை.
ஸ்வென்-ஓலோஃப் கோப்பை நாடாவால் கட்டி
நிலவறைக்கு அனுப்பினார்.

மே மாதம், கடல் திறந்தபின்,
ரௌனோ என்னைப் படகில் ஏற்றிக்கொண்டான்.
துடுப்பு உரசும் வளையத்தில் தேன் நிறப் பட்டை,
ஆணி அடித்து ஒழுங்காகப் பொருத்தியது.
"சத்தமே போடுவதில்லை" என்றான்.
நான் அந்தக் காகிதத்தைப் பற்றி ஆரம்பித்தேன்,
அந்தப் பெயர்களை, அதாவது, விடுபட்ட...
அவன் கரையைப் பார்த்தபடி வலித்துக்கொண்டிருந்தான்.
தீவு தாண்டியதும் சொன்னான்:
"அன்றைக்கு அந்த லாரி
வரவே இல்லை, தெரியுமா?"